பன்னெண்டரை

எனக்கு டீ வேண்டாம் பெரியம்மா. நீங்க குடிங்க. மரியாதைக்காகச் சொல்லலை, நிஜமாவே நான் டீ குடிக்கிறதில்லை. விட்டு ஏழு மாசம் ஆச்சு. எங்க அக்கா செத்தது டீயாலதான்.

சிரிக்காதீங்க. சரி, நீங்க சிரிக்கலை, உங்க முகம்தான் அப்படி இருந்தது. டீ குடிச்சு யாராவது சாவாங்களான்னுதானே நினைக்கிறீங்க? அவ குடிக்கலை. நான் குடிச்சேன். அவ செத்தா.

பஸ் எடுக்க நேரமாகும். கண்டக்டர் இப்பதான் பூரிக்கு உட்கார்ந்திருக்கார். கேட்டா சொல்றேன். நான் எதையும் மூடி மறைக்கிற ஆள் இல்லை. கேட்டதுக்குப் பட்டுனு உண்மையைச் சொல்லிருவேன். அதுக்கு எங்க வீட்டுல வாய்க்கொழுப்புன்னு பேர். ஒருதடவை அறிவியல் டீச்சர், 'ஏண்டி நாகஜோதி, ரத்தப் பாடத்துல ஒரு கேள்விக்கும் பதில் எழுதலை?'ன்னு கேட்டாங்க. 'நீங்க நடத்துனது எனக்குப் புரியலை டீச்சர்'னு சொன்னேன். கிளாஸே சிரிச்சது, என்னை வெளிய நிப்பாட்டிட்டாங்க. பத்தாவதுல எல்லாத்துலயும் பாஸ், அறிவியல்ல மட்டும் முப்பத்தொண்ணு. ஜூன்ல மறுபடி எழுதலாம்னாங்க. நான் எழுதலை. தறிக்குப் போயிட்டேன்.

எங்க ஊர்ல பேண்டேஜ் துணிதான் நெய்வாங்க. ஆஸ்பத்திரியில புண்ணுக்குச் சுத்துறாங்கள்ல, அந்த வலைத்துணி. ஊர் பூரா விசைத்தறி. காலையில ஆறு மணிக்குப் போய் நின்னா சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நிக்கணும். தறி போடுற சத்தத்துல யார் பேசுறதும் கேட்காது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை முதலாளி வீட்டுல இருந்து தூக்குல டீ வரும். அது மட்டும் ஓசி. ஓசின்னா விடுவோமா? ஆறு கிளாஸ், ஏழு கிளாஸ் குடிப்பேன். பசியை அடக்கிரும்ல.

வீட்டுல நாங்க மூணு பேர். அண்ணன் தங்கபாண்டி மூத்தவன், லோடு ஆட்டோ ஓட்டுறான். அடுத்து காளீஸ்வரி. கடைசி நான். காளீஸ்வரியை எங்க தாய்மாமா சீனிவாசகத்துக்குத்தான் கட்டிக் குடுத்தாங்க. எங்க அம்மாவைக் கட்டினவரும் அம்மாவோட தாய்மாமன்தான், அதாவது எங்க அப்பா. எங்க வீட்டுல அப்படித்தான். வெளிய போய்ப் பொண்ணு தேடுறதுங்கிற பேச்சே இல்லை. 'ரத்தம் ரத்தத்தோட இருக்கணும்'பார் அப்பா.

அக்காவுக்கு எட்டாவது மாசம். ஸ்கேன் எடுத்தாங்க. நஞ்சுக்கொடி கீழ இறங்கி வழியை மறிச்சுக் கிடக்குன்னாங்க. தானாப் பிறக்காது, ஆபரேஷன்தான், ரத்தம் ரொம்பப் போகும், மூணு பாக்கெட் ரத்தம் கையில இருந்தாத்தான் கத்தியைத் தொடுவோம்னு பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. அக்கா சீட்டுல ஓ பாசிட்டிவ்னு போட்டிருந்தது. பள்ளிக்கூடத்துல கேம்ப் வச்சு எழுதினது. 'ஓ பாசிட்டிவ்தானே, எங்க செட்டே ஓ பாசிட்டிவ்தான்'னு அண்ணன் அவன் கூட்டாளிக மூணு பேரை லோடு ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போனான்.

அவங்க ரத்தத்தையும் அக்கா ரத்தத்தையும் ஒரு சொட்டு சேர்த்துப் பார்த்தாங்களாம். பால் திரியிற மாதிரி கட்டி கட்டியாத் திரிஞ்சிருச்சு. மூணு பேரோடதும் திரிஞ்சது. அங்க இருந்த ஓ பாசிட்டிவ் பாக்கெட் அத்தனையும் எடுத்துப் பார்த்தாங்க. அத்தனையும் திரிஞ்சது.

அப்பதான் ரத்த வங்கியில இருந்து ஜெசிந்தா மேடம் வந்தாங்க. கண்ணாடி போட்டிருப்பாங்க, எதையும் ரெண்டு தடவை கேட்பாங்க. 'இது ஓ பாசிட்டிவே இல்ல. ஓ மாதிரி வேஷம் போடும். இதுக்குப் பேர் பாம்பே குரூப். ரொம்ப ரொம்பக் கம்மிப் பேருக்குத்தான் இருக்கும். இதே குரூப்தான் இவங்களுக்கு ஏத்த முடியும், வேற எதை ஏத்தினாலும் உயிருக்கு ஆபத்து. கூடப்பிறந்தவங்க எத்தனை பேர்?'

அவ்வளவுதான், எங்க சின்ன அத்தை ஆரம்பிச்சிருச்சு. 'பம்பாயா? எங்க சித்தப்பா ஒருத்தர் பம்பாய் மில்லுக்குப் போய் ஆறு மாசம் இருந்தாரே, அங்க ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்.' எங்க அம்மாவுக்குக் கோபம் வந்திருச்சு. 'உன் சித்தப்பா ஒட்டிக்கிட்டு வந்தா என் மகளுக்கு எப்படி வரும்?' ஆஸ்பத்திரி வராந்தாவுலயே சண்டை. ஜெசிந்தா மேடம், 'அம்மா, அந்த ஊர்ல முதல்ல கண்டுபிடிச்சாங்க, அதனால அந்தப் பேர். உங்க சித்தப்பா ஒண்ணும் பண்ணல'ன்னு சொன்ன பிறகுதான் அத்தைக்கு நிம்மதி.

எங்க எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. அப்பா பி, அம்மா ஓ. ரெண்டும் சாதாரண ரத்தம்தான். அப்புறம் எப்படிங்க பிள்ளைக்கு இப்படின்னு அப்பா கேட்டார். மேடம் எங்க தொழிலைக் கேட்டுக்கிட்டு, அதுலயே சொன்னாங்க.

'ஏ, பி எல்லாம் சாயம்னு வச்சுக்கங்க. சாயம் ஏறணும்னா நூல் வேணும்ல? அந்த நூலுக்கு ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு கண்டு இருக்கணும். ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. ஒண்ணு நல்லா இருந்தாலே போதும், வெளிய குறை தெரியாது. உங்ககிட்ட ஒரு கண்டு நல்லது, ஒண்ணு வெறும் கை. உங்க வீட்டம்மாகிட்டயும் அப்படியே. ஒரே குடும்பம்ல, ஒரே வெறும் கை ரெண்டு பக்கமும் வந்திருக்கு. பிள்ளைக்கு ரெண்டு பேரும் நல்லதைக் குடுத்தா நல்லது, ஒருத்தர் குடுத்தாலும் நல்லது. ரெண்டு பேரும் வெறும் கையைக் குடுத்தா, சாயம் ஏற நூலே இல்ல.'

'எங்க ஊர்ல சாயமே போடுறதில்லை மேடம், எல்லாம் வெள்ளைதான்'னு நான் சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. அப்பா என் முதுகுல ஒண்ணு வச்சார்.

'நாலுல ஒரு பிள்ளைக்குத்தான் இப்படி வரணும். உங்களுக்கு மூணுக்கு மூணு வந்திருக்கு'ன்னாங்க மேடம். ஆமா, எனக்கும் அதே ரத்தம். அண்ணனுக்கும் அதேதான். கணக்குன்னா ஊருக்கெல்லாம் சரியா வரும், எங்க வீட்டுக்கு மட்டும் வராது.

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். 'கூடப்பிறந்த ரெண்டு பேர் இருக்கீங்க, இனி பயமில்ல.' என்னைத் தராசுல ஏத்தினாங்க. நாப்பத்தொண்ணு. விரல்ல குத்திப் பார்த்தாங்க. ஹீமோகுளோபின் எட்டு புள்ளி நாலு. ரத்தம் குடுக்கணும்னா எடை நாப்பத்தஞ்சு இருக்கணும், ஹீமோகுளோபின் பன்னெண்டரை இருக்கணும். 'பிள்ளைய பட்டினி போட்டு வச்சிருக்கீங்களா?'ன்னு அம்மாவைக் கேட்டாங்க. 'அவ திங்க மாட்டா மேடம்'னுச்சு அம்மா. அது பொய். எங்க வீட்டுல அப்பாவும் அண்ணனும் சாப்பிட்ட பிறகுதான் நாங்க சாப்பிடுவோம். அப்ப சட்டியில குழம்பு இருக்கும், குழம்புல ஒண்ணும் இருக்காது. ஆனா மேடம் என்னைக் கேட்கலையே, அம்மாவைத்தானே கேட்டாங்க.

அடுத்து அண்ணனை வரச் சொன்னாங்க. எழுபது கிலோ. பதினஞ்சு புள்ளி ரெண்டு. 'அடேயப்பா, இவர் ஒருத்தரே...'ன்னு மேடம் ஆரம்பிக்கும்போதே அம்மா குறுக்க வந்து, 'அவனுக்குத் தை மாசம் மஞ்சக்காமாலை வந்துச்சு மேடம்'னுச்சு.

'எப்போ?'

'தை மாசம்.'

'தை மாசமா?' அவங்கதான் எதையும் ரெண்டு தடவை கேட்பாங்களே. 'ஆமா மேடம், கீழாநெல்லி குடுத்தோம்'னுச்சு அம்மா. அப்ப ஒரு வருஷத்துக்கு எடுக்கக் கூடாதுன்னு நோட்டுல அண்ணன் பேர்மேல ஒரு கோடு போட்டாங்க.

காமாலை வந்தது அண்ணனுக்கு இல்லை. எதிர்வீட்டு சுப்புராமுக்கு. கீழாநெல்லி பறிச்சுக் குடுத்தது மட்டும்தான் நாங்க.

அம்மா சொன்னதும் ஒரு வகையில சரிதான் பெரியம்மா. அப்பதான் அண்ணனுக்கு மேற்க ஒரு ஊர்ல பொண்ணு பேசியிருந்தாங்க. முதல்தடவையா வெளிச் சம்பந்தம், ஏன்னா சொந்தத்துல பொண்ணு மிச்சமில்லை. ரத்தம் குடுக்கப் போனான்னா ஏன் எதுக்குன்னு கேட்பாங்க, ரத்தத்துல கோளாறுன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? அதுபோக வண்டி ஓட்டுறவன். ரத்தத்தைக் குடுத்துட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது மயக்கம் வந்தா? நான் தறியில நிக்கிறவ. மயங்கினா அப்படியே தறிமேல விழுவேன், வேற யாருக்கும் சேதமில்லை.

ஆக நான்தான்னு முடிவாச்சு. ஒரு மாசம் இருந்தது. ஒரு மாசத்துல நாலு கிலோ, நாலு புள்ளி.

அந்த மாசம் எங்க வீட்டுல நான் இருந்த இருப்பைப் பார்க்கணுமே! காலையில மூணு முட்டை. மத்தியானம் முருங்கைக்கீரை. ஞாயித்துக்கிழமை அப்பாவே போய் ஆட்டு ஈரல் வாங்கிட்டு வந்தார். எனக்குன்னு அப்பா ஒண்ணு வாங்கிட்டு வந்தது பதினெட்டு வயசுல அதுதான் முதல்தடவை. அண்ணனுக்கு முன்னாடி என் தட்டுல போட்டாங்க. அண்ணன் தட்டை நீட்டிக்கிட்டே, 'எனக்கு இல்லையா?'ங்கிறான். 'போடா, அது காளீஸ்வரிக்கு'ன்னுச்சு அம்மா. நான் திங்கிறது காளீஸ்வரிக்கு! ஆனாலும் என் நாக்குலதானே ருசிச்சது. பேரீச்சம்பழம், மாதுளம்பழம், வெல்லம் போட்ட கடலை. அக்கா ஆஸ்பத்திரியிலயே படுத்திருந்தா. பார்க்கப் போனா முதல் கேள்வியே, 'இன்னைக்கு எத்தனை முட்டைடி?'

'மூணு.'

'அடி பாவி, என் பேரைச் சொல்லி ஒரு கோழிப் பண்ணையையே காலி பண்ணிருவ போல.'

'நீ புள்ளை பெத்து முடிச்சதும் நிப்பாட்டிருவாங்க. மெதுவாப் பெறு.'

'பத்து மாசம் பத்தாதாக்கும்? உனக்காக இன்னொரு மாசம் உள்ளேயே வச்சிருக்கேன், தின்னுக்க'ன்னு சிரிச்சா. சிரிச்சா அவளுக்கு வலிக்கும். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பா.

ஜெசிந்தா மேடம் இரும்புச்சத்து மாத்திரை குடுத்திருந்தாங்க, ஒரு நாளைக்கு ரெண்டு. எனக்கு அதை முழுங்கினா குமட்டிக்கிட்டு வரும். வாந்தி எடுத்தா மாத்திரை வீணாப் போயிருமேன்னு அம்மாவே ஒரு வழி கண்டுபிடிச்சது. ஸ்ட்ராங்கா டீ போட்டு, அந்தச் சூட்டோட மாத்திரையைப் போடச் சொல்லுச்சு. நின்னுச்சு. குமட்டலே இல்லை. அது காலையில. சாயங்கால மாத்திரையை நான் தறியிலயே போட்டுக்குவேன், தூக்கு டீயோட. ஒரு நாள், ஒரு வேளை தப்பவிடலை. சாமி சத்தியமா ஒரு வேளை விடலை.

நடுவுல ஒரு நாள். ஆஸ்பத்திரியில அக்கா கட்டிலைச் சுத்தி நாங்க எல்லாரும் நிக்கிறோம். அக்கா அண்ணனைப் பார்த்து, 'ஏண்ணே, உனக்கும் இதே ரத்தம்தான்னு மேடம் சொன்னாங்கல்ல?'ன்னு கேட்டா. அண்ணன் போனைப் பார்த்துக்கிட்டிருந்தான். அம்மாதான், 'அவனுக்குத் தையில காமாலைடி, மறந்துட்டியா?'ன்னுச்சு.

தையில அக்கா எங்க வீட்டுலதான் இருந்தா பெரியம்மா. வளைகாப்புக்கு முன்னாடி ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போனா. கீழாநெல்லியைப் பறிச்சு அரைச்சு எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்ததே அவதான்.

அவ அம்மாவைப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. நான் அவளுக்கு மாதுளம்பழம் உரிச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம், 'சரிம்மா'ன்னு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா.

கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். ஏய் ஜோதி, அண்ணனுக்குக் காமாலை வந்துச்சான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும், வரலைன்னு சொல்லியிருப்பேன். அம்மா அடிச்சாலும் சொல்லியிருப்பேன். என் குணம் அது. அவ கேட்கலை. பார்த்தா, அவ்வளவுதான். பார்க்கிறதெல்லாம் கேள்வியா பெரியம்மா?

ஆபரேஷன் இருபத்தி மூணாம் தேதி காலையிலன்னு குறிச்சாங்க. இருபதாம் தேதி நான் ரத்தம் குடுக்கப் போனேன். வீட்டுல எடை பார்த்தப்ப நாப்பத்திமூணரைதான் இருந்தது. ஒன்றரை கிலோவுக்கு எங்க போறது? தறியில துணி இழுபட்டு நிக்கிறதுக்கு இரும்புக் கல்லு தொங்கவிடுவோம். அதுல ரெண்டை எடுத்துப் பாவாடை நாடாவுல முடிஞ்சுக்கிட்டேன். வழியெல்லாம் தொடையில இடிச்சுக்கிட்டே வந்தது. தராசுல ஏறினேன். நாப்பத்தஞ்சரை. மேடம் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும்தான்.

அப்புறம் விரல்ல குத்தினாங்க. எடையை ஏமாத்திரலாம் பெரியம்மா. விரலை எப்படி ஏமாத்த?

ஒம்பது புள்ளி ஒண்ணு.

மேடம் இன்னொரு விரல்ல குத்தினாங்க. ஒம்பது புள்ளி ஒண்ணு. 'மாத்திரை போட்டியா?' போட்டேன். 'தினமும் போட்டியா?' தினமும் போட்டேன் மேடம். 'எதோட போடுற?'

'டீயோட.'

பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. 'டீயோடயா?'ன்னாங்க. அன்னைக்கு அவங்க ரெண்டாம் தடவை கேட்டது எனக்கு இன்னும் காதுல கிடக்கு. 'டீ குடிச்சா அந்தச் சத்து உடம்புல சேராதும்மா. அப்படியே வெளிய போயிரும். நாளைக்கு எத்தனை டீ குடிப்ப?' ஏழுன்னு சொன்னேன். அவங்க ஒண்ணும் திட்டலை. நான் சொல்லியிருக்கணும்னு அவங்களே தலையில அடிச்சுக்கிட்டாங்க. முப்பது நாள், அறுபது மாத்திரை, அத்தனை முட்டை, அத்தனை ஈரல். எல்லாத்தையும் டீ கழுவிக்கிட்டுப் போயிருச்சு.

நான் எடுத்துக்கங்க மேடம், எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அழுதேன். 'எடுத்தா நீ விழுந்திருவ. அவளுக்கும் அது போதாது'ன்னாங்க. கல்லு ரெண்டும் இன்னும் இடுப்புலதான் இருந்தது.

அதுக்கப்புறம் மூணு நாள்தான். மேடம் எங்கெங்கயோ போன் போட்டாங்க. சென்னையில ஒருத்தர் போன மாசம்தான் குடுத்தாராம். இன்னொருத்தர் துபாய் போயிட்டாராம். அண்ணன் அலைஞ்ச அலைச்சல் கொஞ்சமில்லை. அதைச் சொல்லணும். அவன் போன்லதான் மெசேஜ் அடிச்சான். 'அவசரம், பாம்பே குரூப் ரத்தம் தேவை, ஒரு தாயின் உயிர், தயவுசெய்து பகிரவும்.' கீழ அவன் பேரு, அவன் நம்பர். நாப்பது குரூப்புக்கு அனுப்பினான். சார்ஜ் தீர்ந்து போச்சு, ஆஸ்பத்திரிச் சுவத்துல போட்டு நின்னுக்கிட்டே மறுபடி அனுப்பினான். சாப்பிடக்கூட இல்லை.

அந்த மெசேஜைப் பார்த்துட்டு ஈரோட்டுல இருந்து ஒருத்தர் வந்தார். யாரு எவர்னே தெரியாது, கறிக்கடையில வேலையாம். ரெண்டு பஸ் மாறி வந்திருக்கார். ஒரு பாக்கெட் குடுத்தார். குடுத்துட்டு ஒரு பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் வாங்கிக்கிட்டார். அண்ணன் அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, 'நீங்க என் கூடப்பிறந்த பிறப்புண்ணே'ன்னு அழுதான். அவர், 'விடுங்க பிரதர், நம்மளே ஊருக்கு நாலு பேரு. ஒருத்தருக்கு ஒருத்தர் குடுக்கலைன்னா எப்படி?'ன்னார். அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

மூணுக்கு ஒண்ணு இருந்தது. பிள்ளைக்கு மூச்சுத் திணறுது, இனியும் தள்ள முடியாதுன்னு சொல்லிட்டாங்க. இருபத்தி மூணு காலையில பத்து மணிக்கு உள்ள கொண்டுபோனாங்க. போகும்போது அக்கா என் கையைப் பிடிச்சு, 'எத்தனை முட்டைடி?'ன்னா. நான் அன்னைக்கு ஒண்ணும் திங்கலை. 'மூணு'ன்னேன்.

நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான்.

பத்தரைக்குப் பிள்ளை அழுத சத்தம் கேட்டது. பொம்பளைப் பிள்ளை. அதுக்கப்புறம் கதவு திறக்கவே இல்லை. நஞ்சுக்கொடி ஒட்டிக்கிட்டு வரலையாம், ரத்தம் நிக்கவே இல்லையாம். ஈரோட்டுக்காரர் ரத்தம் ஒண்ணு உள்ள ஏறுறதுக்குள்ள அவ ரத்தம் எத்தனையோ வெளிய வந்திருச்சு. இன்னொண்ணு இருந்தாக்கூட இழுத்துப் பிடிச்சிருவோம்னு ஒரு டாக்டர் வந்து சொல்லிட்டு உள்ள ஓடினார். அம்மா அண்ணனைப் பார்த்தது. அண்ணன் அம்மாவைப் பார்த்தான். ஜெசிந்தா மேடமும் அங்கதான் நின்னாங்க, என் தோள்ல கையை வச்சுக்கிட்டு. யாரும் யாரையும் ஒண்ணும் கேட்கலை.

ஒண்ணேகால் மணிக்கு வந்து சொன்னாங்க.

அண்ணன் அப்படியே போய்ச் சுவத்துல முட்டினான். ஒரு முட்டு இல்லை, நாலு முட்டு. நெத்தி பிளந்துருச்சு. கண்ணு, சட்டை எல்லாம் ரத்தம், தரையில சொட்டுது. செத்த மகளைப் பார்க்கப் போன அம்மா திரும்பி ஓடி வந்தது. முந்தானையைச் சுருட்டி அவன் நெத்தியில அமுக்கிக்கிட்டு, 'ஐயோ, என் பிள்ளை ரத்தமெல்லாம் வீணாப் போகுதே, வீணாப் போகுதே'ன்னு கத்துச்சு. ரெண்டு தையல் போட்டாங்க. சுத்தியிருந்தது எங்க ஊர்த் துணிதான், நெசவைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

அந்த ரெண்டு தையலும் கல்யாண போட்டோவுல தெரியக் கூடாதுன்னு பவுடர் போட்டாங்க. ஆமா, ஆவணியில கல்யாணம் ஆச்சு. குறிச்ச தேதி, மாத்த முடியலை. பிள்ளை மாமா வீட்டுல இருக்கு. அதுக்கு என்ன ரத்தம்னு பார்க்கணும், எடுத்துட்டு வாங்கன்னு ஜெசிந்தா மேடம் ரெண்டு தடவை போன் பண்ணினாங்க. பார்த்து என்னத்தைச் செய்யன்னு மாமா விட்டுட்டார். பொம்பளைப் பிள்ளைதானே.

அதான் பெரியம்மா, டீயை விட்டுட்டேன். டீ இல்லாம மாத்திரை. எலுமிச்சம்பழச் சாறோட. குமட்டும், வாயைப் பொத்திக்கிட்டு நிப்பேன். அம்மா முட்டையையும் நிப்பாட்டலை. அக்கா போயிட்டா நிப்பாட்டிரும்னு நினைச்சேன், நிப்பாட்டலை. 'நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா நீதானடி இருக்கே'ன்னுச்சு. அம்மாவுக்கு எப்பவும் முன்யோசனை அதிகம். சொன்ன மாதிரியே போன வாரம் ஆச்சு பாருங்க. ரோட்டுல மாடு குறுக்க வந்து, லோடு ஆட்டோ கவிழ்ந்து, அண்ணனுக்குத் தொடை எலும்பு ரெண்டாப் போச்சு. கம்பி வைக்கணுமாம், நாளைக்கு ஆபரேஷன். அதுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன். நேத்து சோதனை பண்ணிட்டாங்க. எடை நாப்பத்தாறு, கல்லு இல்லாம. ஹீமோகுளோபின் எவ்வளவு சொல்லுங்க பார்ப்போம்?

பன்னெண்டு புள்ளி ஆறு!

பன்னெண்டரைக்கு மேல ஒண்ணு. பத்தாவதுல முப்பத்தொண்ணு எடுத்தவ நான். இதுல பாஸ் ஆகிட்டேன். ஜெசிந்தா மேடம்தான் சந்தோஷப்படவே இல்லை. நோட்டைத் திருப்பித் திருப்பி அண்ணன் பேர்மேல போட்ட அந்தக் கோட்டையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. என்கிட்ட என்னமோ கேட்க வந்தாங்க. அம்மா பக்கத்துல நின்னது. கேட்கலை.

இந்தாங்க, முட்டை ஒண்ணு எடுத்துக்கங்க. நாலு இருக்கு. வெறும் வயித்தோட வந்தா ரத்தம் எடுக்க மாட்டாங்க, அதான் அம்மா அவிச்சு வச்சிருக்கு. பஸ் எடுத்து, பாலமும் தாண்டியாச்சு, அடுத்த ஸ்டாப் ஆஸ்பத்திரி. பேசிக்கிட்டே வந்தா தூரமே தெரியலை பாருங்க.

என்ன கேட்டீங்க?

அன்னைக்கு அண்ணன் எங்க இருந்தானா? எங்க இருப்பான், அங்கதான் இருந்தான். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல, என் பக்கத்துல. இப்ப நீங்க இருக்கிற தூரத்துல.

இல்லை. காமாலை வரலை. வந்ததே இல்லை. அதான் சொன்னேனே.

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீங்க? கேட்டா சொல்லுவேன்னு முதல்லயே சொன்னேன்ல. ஏழு மாசத்துல நீங்கதான் கேட்டீங்க. சொல்லிட்டேன். அக்காவைக் கொன்னது டீதான். அதை மேடமே சொன்னாங்க.

கொஞ்சம் நகர்ந்துக்கங்க, இறங்கணும். அந்த முட்டையைத் திங்கப் போறீங்களா இல்லையா? திங்கலைன்னா குடுத்திருங்க பெரியம்மா, வீணாக்கக் கூடாது. எனக்கு வச்சதில்லை அது. அண்ணனுக்கு வச்சது.